தம்பியின் உயரத்துக்கு ஒரு திரி

செல்வமேரி வீட்டில் ராத்திரிச் செபமாலை முடிந்ததும் இரண்டு பரலோக மந்திரம் சொல்வார்கள். முதலாவது உயிரோடு இருக்கிறவர்களுக்காக. இரண்டாவது இறந்துபோனவர்களுக்காக. எந்தக் கத்தோலிக்க வீட்டிலும் நடக்கிற காரியம்தான். ஆனால் அந்த இரண்டு மந்திரத்துக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதற்குள் செல்வமேரி மூன்று வருஷம் மாட்டிக்கொண்டு தவித்தாள். தம்பி ஜானை எந்தப் பக்கம் வைப்பது என்பதுதான் வழக்கு. எதிராளி கடவுள். விட்டுக்கொடுக்கிற ஆள் செல்வமேரி இல்லை.

வேதாரண்யம் உப்பளத்துப் பக்கம் பிறந்தவள். ஐம்பத்திரண்டில் சேவியரைக் கட்டிக்கொண்டு பூனாவுக்கு வந்தாள். சேவியருக்குக் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. கட்கி ஸ்டேஷனில் புதுப்பெண் இறங்கியபோது ஒரு கையில் தகரப்பெட்டி, மறு கையில் ஒன்பது வயதுத் தம்பி. அம்மா செத்தபிறகு அவனுக்குச் சோறு ஊட்டி, பேன் பார்த்து, அடித்து, அணைத்து வளர்த்தவள் அவள்தான். கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டார் இந்தச் சீதனம் எதற்கு என்று முகத்தைச் சுளித்தார்களாம். "தம்பி வந்தா நான் வருவேன். இல்லேன்னா தாலிய நீங்களே வச்சுக்குங்க" என்று எல்லார் முன்னாலேயும் சொல்லிவிட்டாள். பெண் பார்க்க வந்த சேவியர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவரைக் கட்டிக்கொண்டதாகப் பிற்பாடு அவள் குழாயடியில் சொல்வதுண்டு.

சேவியர் சாது. அவர் வேலை செய்த பிரிவுக்குள் இரும்புத் துணுக்குக்கூடப் போகக்கூடாது. வாசலிலேயே தீப்பெட்டி, சில்லறை, கழுத்தில் கிடக்கும் மாதா சுரூபம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, பை வைக்காத சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போகவேண்டும். செபமாலையும் வெளியேதான். அதனால் அவர் விரல் கணுக்களை எண்ணிச் செபம் சொல்லப் பழகியிருந்தார். குண்டுக்கு மருந்து அடைக்கிற கையால் சமாதானத்துக்குச் செபம் சொல்கிற மனுஷனை உலகத்தில் வேறு எங்கே பார்ப்பது என்று செல்வமேரி அவரைச் சீண்டுவாள். அவர் கணுக்களை எண்ணிக்கொண்டே இருப்பார்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அதைப் பற்றி இழுத்தால், "அதோ ஒருத்தன் மண்ணுல பொரண்டுட்டு வரான், அவனக் குளிப்பாட்டவே எனக்கு நேரம் பத்தல" என்று வாயை அடைத்துவிடுவாள். ஜான் வந்த சில மாதங்களிலேயே மராத்தியைப் பிடித்துக்கொண்டான். காய்கறிக்காரியிடம் பேரம் பேச அக்காவுக்கு அவன்தான் துணை. அவளுக்குக் கடைசிவரை மராத்தியில் சண்டை போட மட்டும்தான் வந்தது. அடுத்த தெருத் தத்தா, ஜானோடு ஓடிப் பிடித்து வளர்ந்த மராத்திப் பையன், அவளை "அக்கா" என்றே கூப்பிடுவான். அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அது. அதைச் சொன்னால் ஒரு தோசை கிடைக்கும் என்பதும் தெரியும்.

பக்கத்து வீடு யாகூப் பாயுடையது. நாகூர்க்காரர். கட்கி பஜாரில் வெற்றிலை, தேங்காய், கோரைப்பாய் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். அவர் மனைவி ஜுலைஹாவைச் செல்வமேரி, அவர்கள் அக்காவை அழைக்கிற வழக்கப்படியே, "லாத்தா" என்றுதான் அழைப்பாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே ஓட்டுக்கூரை. இந்தப் பக்கம் கருவாடு வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். நாகூரும் வேளாங்கண்ணியும் ஒரே கடற்கரையில் கூப்பிடு தூரம் என்பதால், ஊருக்குப் போய்வந்தால் அவர்கள் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொட்டலம் இங்கே வரும், இவர்கள் வீட்டிலிருந்து மாதா கோயில் எண்ணெய் அங்கே போகும்.

ஜான் பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தான். கட்கியிலேயே பயிற்சி. அறுபத்தொன்றில் அணை உடைந்து பூனாவே வெள்ளத்தில் மிதந்தபோது, பாலம் கட்டவும் சேறு அள்ளவும் போனவர்களில் அவனும் ஒருவன். இடுப்புவரை சேற்றோடு வீட்டு வாசலில் வந்து நின்று, பல் மட்டும் வெள்ளையாகத் தெரியச் சிரித்தான். செல்வமேரி நினைவில் அவன் எப்போதும் அப்படித்தான் நின்றான். மறு வருஷம் மலை எல்லைக்கு அனுப்பினார்கள். புறப்படுகிற அன்று வாசல் நிலையில் முதுகு ஒட்டி நிற்கச்சொல்லி, தலைக்குமேல் அடுப்புக்கரியால் ஒரு கோடு கிழித்தாள். திரும்பி வரும்போது இன்னும் வளர்ந்திருப்பாய் பார் என்றாள். இனிமேல் எங்கே வளர்வது அக்கா என்று சிரித்துக்கொண்டே குனிந்து, அவள் கையால் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு போனான்.

அங்கிருந்து ஒரு தடவை எழுதினான். பனி என்றால் என்னவோ என்று பயந்தேன் அக்கா, பார்த்தால் நம் ஊர் உப்பளம் மாதிரியே இருக்கிறது, கண் கூசுகிறது, அவ்வளவுதான் என்று.

அதற்குப்பிறகு சீனாவோடு சண்டை வந்தது. மார்கழிக் குளிரில் தந்தி வந்தது. காணவில்லை என்று இருந்தது. சேவியர் அதைப் படித்துச் சொன்னபோது செல்வமேரி அழவில்லை. காணவில்லை என்றால் காணவில்லை என்றுதானே அர்த்தம், தேடினால் கிடைப்பான் என்றாள்.

அந்தக் கோபத்தில் அவள் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். பஜாரில் ஒரு சீனர் பல் கட்டும் கடை வைத்திருந்தார். செல்வமேரியின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியவர், வலிக்காமல் பிடுங்கியவர். அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் அவர் கடையைக் கும்பல் அடித்து நொறுக்கியது. கூடையோடு எதிர்ச்சாரியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வமேரிக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. நல்லா வேணும் என்று வாய்விட்டே சொன்னாள். உடைந்த கண்ணாடிக்கு நடுவில் அந்த மனுஷன் கட்டிவைத்திருந்த பல் செட்டுகள் தரையில் கிடந்து சிரித்தன. மறுநாள் அவர் இல்லை. எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் மட்டும் போகாமல், புளித்த ஏப்பம் மாதிரி அடிக்கடி மேலே வந்துகொண்டே இருந்தது.

கைதிகளாகப் பிடிபட்டவர்கள் மறு வருஷக் கோடையில் திரும்பினார்கள். ஜான் அவர்களில் இல்லை. இனிக் காத்திருப்பதில் பயனில்லை என்று பட்டாளத்து அதிகாரி வீட்டுக்கு வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆத்துமத்துக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமா என்று சுவாமியார் கேட்டார். உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குச் சாமி அந்தப் பூசை என்று எழுந்துபோய்விட்டாள்.

ராத்திரிச் செபமாலையில் முதல் பரலோக மந்திரத்துக்கு முன்னால் ஜான் பெயரை அவள் உரக்கச் சொல்வாள். இரண்டாவதற்கு முன்னால் அம்மா, அப்பா, மாமனார் பெயர் வரும். சேவியர் அந்த இடத்தில் ஒரு கணம் நிறுத்துவார். அவள் அடுத்த மந்திரத்தை ஆரம்பித்துவிடுவாள். எல்லாம் முடிந்து படுத்தால் தூக்கம் வராது. வந்தால் ஒரே கனவுதான். கண் கூசும் வெள்ளை வெளியில், குவித்துவைத்த உப்புக் குவியல்களுக்கு நடுவே, ஜான் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோகிறான். வெறுங்கால். உப்பில் பாதம் வெடித்திருக்கிறது. அவள் கூப்பிடுகிறாள். அவன் நிற்பதே இல்லை. உட்கார்வதே இல்லை. நடந்துகொண்டே இருக்கிறான், பகல் முடியாத அந்த வெளியில்.

விழித்து எழுந்தால் அவள் கால்தான் வலிக்கும்.

அப்போதுதான் நேர்ந்துகொண்டாள். வேளாங்கண்ணியில் யாருக்காக வேண்டுகிறோமோ அவர் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வாங்கி மாதாவுக்கு வைப்பது வழக்கம். கட்கியில் ஆள் உயர மெழுகுவர்த்திக்கு எங்கே போவது? வாசல் நிலையில் கரிக்கோட்டிலிருந்து தரைவரை நூல் பிடித்து அளந்தாள். தம்பி உயரத்துக்கு ஒரு திரி. அதை நாலாக மடித்து முறுக்கினால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. மாதா கோயிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் கெஞ்சி, பீடத்தில் எரிந்து மிஞ்சிய துண்டுகளை வாங்கிவந்து, தகர டப்பாவில் உருக்கி, திரியைத் தோய்த்துத் தோய்த்து எடுத்தாள். கோணல்மாணலாக ஒரு மெழுகுவர்த்தி பிறந்தது. செப்டம்பர் எட்டாம் தேதி, மாதா பிறந்த திருநாளன்று, காலைப் பூசை முடிந்து வந்து அதை ஏற்றுவாள். வாயால் ஊதக்கூடாது, கையால் அணைக்கக்கூடாது, அது தானாகவே அடிவரை எரிந்து முடியவேண்டும். ஒவ்வொரு வருஷமும் அப்படி எரிந்து முடிந்தால், அடுத்த வருஷம்வரை ஜான் உயிரோடு இருக்கிறான். இது மாதாவுக்கும் அவளுக்கும் உள்ள ஒப்பந்தம். மாதா கையெழுத்துப் போட்டாளா என்று கேட்டுவிடாதீர்கள்.

அறுபத்துமூன்றிலும் அறுபத்துநாலிலும் மெழுகுவர்த்தி ஒழுங்காக எரிந்து முடிந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து, அது அங்குலம் அங்குலமாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்வதற்குள் திரி சாய்ந்து, உருகிய மெழுகில் முழுகி, சின்னதாக ஒரு புகை விட்டது. இன்னொரு வருஷம் கிடைத்துவிட்டது என்று எழுந்து உலை வைத்தாள். அதற்குப் பேர் நிம்மதி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்தைந்து செப்டம்பரில் மறுபடி சண்டை வந்தது, இந்த முறை மேற்குப் பக்கம். லோஹேகாவ் விமான தளம் கிட்டத்தில் இருந்ததால் ராத்திரியில் ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று உத்தரவு. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். தெருவைக் கண்காணிக்கும் பொறுப்பு சந்திரமௌலிக்கு வந்தது. ராணுவக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தா, நோஞ்சான் மனிதர். கையில் பட்டை, கழுத்தில் விசில், நீலக் காகிதம் ஒட்டிய டார்ச் என்று வந்தபோது தெருப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சேவியருக்கு இரவும் பகலும் வேலை. வீட்டுக்கு வந்தால் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

சிரிப்பு இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை. யாகூப் பாய் வீட்டில் ஒரு ரேடியோ இருந்தது. அதில் அவர் சிலோன் ஸ்டேஷனில் தமிழ்ப் பாட்டுக் கேட்பார். அது சிலோன் இல்லை, பாகிஸ்தான் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். பதின்மூன்று வருஷம் அவரிடம் வெற்றிலை வாங்கியவர்கள் கடைக்கு முன்னால் வேகமாக நடக்க ஆரம்பித்தார்கள். ஜுலைஹா குழாயடிக்கு வருவதை நிறுத்தினாள். செல்வமேரி தன் குடத்தோடு அவள் குடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தாள். முணுமுணுத்தவர்களை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் யாரும் பேசுவதில்லை.

எட்டாம் தேதி வந்தது. அந்த வருஷம் கோயில்பிள்ளை தாராளமாக மெழுகு கொடுத்திருந்தார். செல்வமேரியும் உள்ளதையெல்லாம் உருக்கி, கைப்பிடிக்கு அடங்காத பருமனில் ஒன்று செய்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. திரியின் நீளம் அதேதான், ஆனால் பருமன் கூடியதால் எரிவது மெதுவாகிவிட்டது. பொழுது இறங்கும்போது பாதிதான் முடிந்திருந்தது. அணைக்கக்கூடாதே! மெழுகுவர்த்தியைத் தட்டோடு உள்ளறைக்கு எடுத்துப்போய் மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். அந்த அறைக்கு ஜன்னல் ஒன்றுதான். காகிதத்தின்மேல் போர்வையையும் தொங்கவிட்டாள். கதவைச் சாத்தினாள். ஒரு கீற்று வெளியே போகாது என்று நம்பினாள்.

கூரையில் பகல் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடி ஓடு ஒன்றை அவள் மறந்துபோனாள்.

வெளியே தூறலும் இருட்டும். சேவியர் வேலையில் இருந்தார். அபாயச் சங்கு ஊதி அடங்கியது. உள்ளறையில் சுடர் ஆடாமல் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்குக் கண் சொருகியது. வெள்ளை வெளி வந்தது, உப்புக் குவியல்கள் வந்தன, ஜான் நடந்தான். எங்கோ விசில் சத்தம் கேட்டது. கனவிலா வெளியிலா என்று தெரியவில்லை. பிறகு பல குரல்கள் சேர்ந்து, "திவா பந்த் கரா" என்றன. விளக்கை அணை என்று. குரல்கள் யாகூப் பாய் வீட்டு வாசலில் இருந்து வந்தன.

தெருக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இருட்டில் முகங்கள் தெரியவில்லை. கும்பல் தெரிந்தது, தடிகள் தெரிந்தன. சந்திரமௌலி நடுவில் நின்று விசிலை ஊதிக்கொண்டிருந்தார். யாரும் கேட்பதாக இல்லை. எதிர் மாடியிலிருந்து பார்த்ததாகவும், ஆகாசத்தைப் பார்த்து விளக்குக் காட்டுவதாகவும் ஒருவன் மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தான். அது தத்தாவின் குரல். அவன் கூரையைக் காட்டினான். செல்வமேரி நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு வீடும் சேருகிற இடத்தில், நனைந்த ஓடுகளுக்கு நடுவே, மஞ்சளாக ஒரு சதுரம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது எந்த வீட்டுக் கூரை என்று தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. பாதி ஜான் மேலே ஏறி நின்று உலகத்துக்கே தெரிகிறான் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த கணம் தடிகளைப் பார்த்தாள்.

உள்ளே ஓடினாள். மெழுகுவர்த்திக்கு முன்னால் போய் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

ஒரு ஊது. அவ்வளவுதான் வேண்டியது. ஆனால் உதடு குவியவில்லை. ஊதினால் ஜான் போய்விடுவான். பனியில் பறிகொடுத்தது போதாதென்று, இப்போது தன் மூச்சாலேயே அவனை அணைக்கவேண்டும். துணி போட்டு மூடலாமா என்று நினைத்தாள். தட்டைக் கட்டிலுக்கடியில் தள்ளலாமா என்று நினைத்தாள். தட்டில் கைவைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். கடவுளையே ஏமாற்றப் பார்க்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் கதவில் கல் விழுந்தது. ஜுலைஹா அலறவில்லை. "யா அல்லாஹ்" என்று மெதுவாக, மூச்சு முட்டுகிறவள்போல, சொன்னாள். சுவரில் வாய் வைத்துச் சொன்னதுபோல அது கேட்டது. செல்வமேரிக்கு உடைந்த கண்ணாடியும் தரையில் கிடந்த பல் செட்டுகளும் கண்ணில் வந்தன. கூடையோடு நின்ற தன்னையே எதிர்ச்சாரியில் பார்த்தாள். அந்தச் சீனருக்கும் எங்கேயோ ஒரு அக்கா இருந்திருப்பாள்.

மாதா படத்தை ஏறிட்டுப் பார்த்தாள். இவளும் பிள்ளையைக் கொடுத்தவள்தான். கொடுக்கமாட்டேன் என்று சிலுவையடியில் நின்று வழக்குப் பேசவில்லை. நின்றாள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் அந்த முகத்தைப் பார்த்தும் அதைப் பார்க்காமல் போனோமே என்று செல்வமேரிக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

"அவன நீயே வச்சுக்கம்மா" என்றாள்.

ஊதினாள்.

இருட்டு வந்தது. புகை வாசனை வந்தது. இன்னும் சூடாக இருந்த மெழுகுவர்த்தியைத் தட்டிலிருந்து பெயர்த்துக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். கூரையில் சதுரம் மறைந்ததைப் பார்த்து, பயந்து அணைத்துவிட்டான் என்று கும்பல் கத்திக்கொண்டிருந்தது. யாரோ கதவை உதைத்தார்கள். அவள் கும்பலுக்குள் புகுந்து, முழங்கையால் இடித்துத் தள்ளிக்கொண்டு போய், யாகூப் பாய் வீட்டுக் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"அந்த வெளிச்சம் என்னுது" என்றாள். பிறகு சண்டை போட மட்டும் தெரிந்த தன் மராத்தியில் அதையே சொன்னாள்.

சந்திரமௌலி டார்ச்சை அவள் பக்கம் திருப்பினார். நீல வெளிச்சத்தில் மெழுகுவர்த்தி நீலமாகத் தெரிந்தது.

"என்னம்மா இது? இவ்வளவு தூரம் சொல்லிண்டிருக்கேன். யாருக்காக இதை ஏத்தி வச்சேள்?"

"என் தம்பிக்கு."

கும்பலில் சலசலப்பு ஓய்ந்தது. பட்டாளத்தில் காணாமல் போன ஜானை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். சந்திரமௌலி குரலைத் தாழ்த்திக்கொண்டு, அவன் வந்துவிடுவான் என்றா என்று கேட்டார்.

செல்வமேரி வாயைத் திறந்தாள். மூன்று வருஷமாகச் சொல்லிப் பழகிய பதில் நாக்கில் இருந்தது. அது வெளியே வரவில்லை.

"இல்ல. அவன் செத்துட்டான். எங்கயோ பனியில செத்துக் கெடக்கான்." கதவோடு இன்னும் ஒட்டி நின்றாள். "இவங்க வீட்டுல யாரையும் தொடாதீங்க. தொடணும்னா என்னத் தொடுங்க, வெளக்கு ஏத்துனவ நான்."

தூறல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. பிறகு ஒருவன், அதெல்லாம் சரி, ரேடியோ என்ன ஆயிற்று என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான். அவனைத் தத்தாவே இழுத்துக்கொண்டு போனான். போகும்போது அவள் பக்கம் திரும்பவில்லை. கொஞ்ச தூரம் போய், இருட்டுக்குள் இருந்து, "அக்கா" என்று ஒரே ஒரு தடவை சொன்னான். சந்திரமௌலி, நாளைக்கே அந்த ஓட்டுக்குத் தார் பூசிவிடச் சொல்லிவிட்டு, கழுத்து விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

அவர்கள் எல்லாரும் போனபிறகும் கதவு வெகுநேரம் திறக்கவில்லை. "நாந்தான் லாத்தா" என்று இரண்டு மூன்று தடவை சொல்லவேண்டியிருந்தது. திறந்ததும் ஜுலைஹா அவள் கையைப் பிடித்தாள்; பிடித்த கை விடவே இல்லை. யாகூப் பாய் ரேடியோவைப் பாயில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். தண்ணி குடிக்கிறியா தங்கச்சி என்றார்.

ஜுலைஹா, எங்களை விட்டுப் போகாதே என்றாள். அதனால் அன்றைக்குச் செபமாலை அங்கேயே நடந்தது. ஒரு கை ஜுலைஹாவிடம் இருந்தது. மணி மாலை வீட்டில் இருந்தது. செல்வமேரி மற்றக் கையின் விரல் கணுக்களை, சேவியர் மாதிரி, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. கணுவுக்குக் கணு இருட்டு இளகிக்கொண்டே வந்தது. மேலே ஒரு விமானம் தூரத்தில் போனது. நம்முடையதோ அவர்களுடையதோ தெரியவில்லை. அதை ஓட்டுகிறவனுக்கும் கரிக்கோடு கிழித்த ஒரு வாசல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பில் கசப்பு இல்லாதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

முதல் பரலோக மந்திரம் வந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்காக. சேவியர், ஜுலைஹா லாத்தா, யாகூப் பாய், தத்தா, பேர் தெரியாத அந்தப் பல் கட்டும் சீனர், மேலே போகிறவன். இவ்வளவு பேரை வைக்க அதில் இடம் இருந்ததா என்று தோன்றியது.

இரண்டாவது மந்திரத்துக்கு முன்னால் அந்த மூச்சு இடைவெளி. அம்மா. அப்பா. மாமனார். செல்வமேரி நிறுத்தினாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஜான்" என்றாள்.

சொன்னபிறகு உலகம் இடிந்துவிழவில்லை. கையைப் பிடித்திருந்த ஜுலைஹாவுக்கு என்ன புரிந்ததோ, பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். செல்வமேரி, இறந்தவர்களுக்கு நித்திய இளைப்பாற்றியும் முடியாத வெளிச்சமும் கேட்கிற அந்தச் சின்னச் செபத்தை முதல்முறையாகத் தம்பிக்காகச் சொன்னாள். அவனுக்கு இனி அவள் திரி வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய வெளிச்சத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தாயிற்று. மனசு லேசாக இருந்தது. துக்கம் இருந்தது, நிறையவே இருந்தது. ஆனால் அது இப்போது அவளோடு சண்டைக்கு நிற்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

காலையில் வேலை முடிந்து வந்த சேவியரிடம், ஜானுக்கு ஒரு பூசைக்குச் சொல்லிவிட்டு வாங்க என்றாள். அவர் கையிலிருந்த சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். பாவம், அவரும்தான் அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர். அழ அனுமதி கிடைக்க அவருக்கு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சண்டை நின்றது. ஜன்னல் காகிதங்களைக் கிழித்தார்கள். பஜாரில் யாகூப் பாய் கடைக்கு ஆட்கள் ஒவ்வொருவராக, ஒன்றுமே நடக்காததுபோல, வெற்றிலைக்கு வந்தார்கள். அவரும் ஒன்றுமே நடக்காததுபோல எண்ணிக் கொடுத்தார். ஆனால் ரேடியோவை அவர் விற்றுவிட்டார். தத்தா மட்டும் அந்தக் கடைப்பக்கம் வர வெகுநாள் ஆயிற்று.

ஒரு ராத்திரி அந்தக் கனவு மறுபடி வந்தது. அதே வெள்ளை வெளி. ஆனால் பொழுது சாய்ந்திருந்தது, கண் கூசவில்லை. ஜான் ஒரு உப்புக் குவியலின் அடியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் கூப்பிடவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கட்கிக் கல்லறைத் தோட்டம் மாலை நேரத்தில் மெழுகுவர்த்தியால் நிறைந்தது. வேறு ஊர்களில் இறந்தவர்களுக்கும், கல்லறையே இல்லாதவர்களுக்கும் தோட்டத்து நடுவில் உள்ள பெரிய சிலுவையடியில்தான் ஏற்றுவார்கள். செல்வமேரி மிச்சமிருந்த அந்தப் பாதி மெழுகுவர்த்தியைக் கொண்டுவந்திருந்தாள். ஜுலைஹா பூப்பொட்டலத்தோடு கூட வந்தாள். வாசலில் நிற்கிறேன் என்றவளைச் செல்வமேரி கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு வந்தாள். சேவியர் பின்னால் வந்தார்.

கருகிய திரி முதலில் பற்ற மறுத்தது. காற்று வேறு. ஜுலைஹா குனிந்து இரண்டு உள்ளங்கையாலும் மறைப்புக் கட்டினாள். சுடர் பிடித்து நிமிர்ந்தது. சுற்றிலும் யார் யாரோ தங்கள் தங்கள் ஆட்களிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இருட்டு வந்துகொண்டிருந்தது, யாரும் அதற்குப் பயப்படவில்லை.

செல்வமேரி சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பினாள்.

"முடியிற வரைக்கும் இருக்க வேணாமா மேரி?" என்று ஜுலைஹா கேட்டாள்.

"வேணாம் லாத்தா. அது எரியட்டும். வீட்டுக்குப் போயி உல வைக்கணும்."

மூன்று பேரும் வாசலை நோக்கி நடந்தார்கள். சேவியர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.